பதினாலு தடவை கழுவிய நீலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். இங்கே உன் அம்மாவின் இடது முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டும் திருப்பினால் கிறீச்சிடுகின்றன, இரண்டையும் பார்க்க வேண்டியவர்கள் இதோ அதோ என்று நாளைக் கடத்துகிறார்கள். நீ நலம் என்பது அம்மா வழியாகத்தான் எனக்குத் தெரியும். வாரத்துக்கு இருமுறை நீங்கள் இருவரும் அரைமணி நேரம் பேசுகிறீர்கள், கடைசியில் போனை என் காதில் வைப்பாள், நான் சாப்பிட்டாயா என்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், குளிரா என்பேன், பழகிவிட்டது என்பாய், அதோடு போன் அவள் கைக்குத் திரும்பிவிடும். இந்த ஆறு வருஷத்தில் நாம் இருவரும் பேசியதை எல்லாம் கூட்டினாலும் ஒரு பக்கம் தேறாது. அதனால் இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் வந்திருப்பதைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லாமல் இனி சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

நம் தெருவை மூன்றாவது முறையாகத் தோண்டியிருக்கிறார்கள். அதே இடம், அதே பள்ளம், அதே மூன்று பேர் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், போன முறை எதையோ உள்ளே மறந்து வைத்து மூடிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். மாடி வீட்டுக்காரர் இன்னமும் தன் குடும்பத்துச் செருப்புகளைப் படியில்தான் அடுக்குகிறார், நான் இன்னமும் அவரோடு பேசுவதில்லை, நாலு வருஷமாகிறது. உன் மாமா போன வாரம் வந்திருந்தார். மூன்று வருஷம் முன்னால் நம் வீட்டிலிருந்து வாங்கிப்போன குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், நல்ல வேளை திருப்பித் தர வந்தார் என்று பார்த்தால் அதே குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். உன் அம்மா சிரிக்கிறாள், என் தம்பிதானே என்கிறாள். எனக்கு எதையும் அப்படி விட வராது, உனக்குத் தெரியும். யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பது தேதியோடு எனக்கு நினைவிருக்கும். வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவனை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்காரனைக் கல்லூரி வேலைக்கு எடுத்தார்களே, அந்த நேர்காணலில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரின் முகமும் இன்றைக்கும் எனக்கு வரைந்து காட்ட வரும். பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன அண்ணனின் எனாமல் பட்டறையில், படித்த தம்பி கூலிக்கு வந்து சேர்ந்த கதையை நீ குழந்தையிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாய். இவ்வளவு கணக்குத் தெரிந்தவன் உன் விஷயத்தில் நான் செய்ததை மட்டும் எந்தத் தேதியிலும் வைக்காமல் ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிறு நீ அம்மாவிடம் சொன்னதை அவள் எனக்குக் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். உன் கழுத்தில் கிடக்கும் அந்தச் சின்ன நீல வில்லையைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு நூலகக்காரி விடாமல் விசாரித்தாளாம், நீயே செய்தது என்றதும் புதிதாகக் கட்டும் குழந்தைகள் நூலகத்தின் வாசல் சுவருக்கு நாற்பது எனாமல் தகடுகள் செய்து தருகிறாயா என்று கேட்டாளாம், அங்கே ஒரு கல்லூரியில் உலை இருக்கிறதாம், சாயங்காலங்களில் தருவார்களாம், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். நீ முடியாது என்றாயாம். அவள் யோசித்துச் சொல் என்று விட்டிருக்கிறாளாம், நீ யோசிக்கப் போவதில்லையாம். ஏன்டி என்று அம்மா கேட்டதற்கு நீ சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள்: “எனக்கு எனாமல் தூள் கழுவ வராதும்மா. அப்பாவே சொல்லிட்டாரே, கழுவத் தெரியாத கைன்னு. நாற்பது தகட்டையும் கலக்கிக் குடுத்துட்டு அந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கிறது.” நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாயாம். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னாள். நான் எழுந்து குழாயை முறுக்கப் போய்விட்டேன்.

உனக்குக் கழுவ வரும். அந்த நீலத்தைக் கலக்கியது நான்.

இதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு வரியில் சொன்னால் ஏதோ கைதவறிப் போனது போல ஆகிவிடும், அது கைதவறியது மட்டும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படி. கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு என்று பெரியப்பா எடுத்த அந்தப் பெரிய வேலை, ஒன்பது செப்புத் தகடுகள், அதில் நடுத்தகடு உன்னுடையது. ஒன்றரை முழ அகலத்துக்கு வெறும் வானம். கீழே வெள்ளித்தாள், அதன்மேல் ஏழு நீலம், ஒன்று எங்கே முடிகிறது இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்படி ஒரு வானத்தை நான் பதினோரு வருஷம் முயன்றிருக்கிறேன். புத்தகம் வாங்கிப் படித்தேன், எந்த நீலம் எத்தனை சூட்டில் உருகும் என்று அட்டவணை போட்டேன், எனக்கு வந்ததெல்லாம் படிக்கட்டு மாதிரி ஏழு பட்டை. நீ இருபத்து மூன்று வயதில் அட்டவணை ஒன்றும் போடாமல் ஈரத் தூளைத் தூரிகையால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்துவிட்டாய். அதுகூடப் பரவாயில்லை. அதை முதலில் நீ பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “இதைப் பார்த்தா கண் ஆஸ்பத்திரிக்கு வர்றவன் பாதிப்பேர் டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போயிடுவான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசிப் பூச்சு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கான நீலக் கண்ணாடிக் கட்டியை நீ மூன்று நாளாகத் தூளாக அரைத்து, கலங்கல் போகக் கழுவி வைத்திருந்தாய், அந்தக் கட்டி அதோடு தீர்ந்துபோயிருந்தது, அடுத்த சரக்கு வர மூன்று வாரம், தகடுகளை ஒப்படைக்க எட்டு நாள். நீ மாடிக்குச் சாப்பிடப் போனாய். மற்றவர்களும் போயிருந்தார்கள். நான் உன் மேசைக்கு வந்து கழுவிய நீலம் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். எதற்கு என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன், சரிபார்க்கத்தான், அப்பன் பார்க்கக்கூடாதா என்று பதிலும் சொல்லியிருக்கிறேன். பொய். மேலே நின்ற தண்ணீரில் ஒரு துளி மங்கல் இருக்காதா, சாப்பிட்டு வந்ததும் எல்லார் முன்னாலும் இதைப் பார் என்று சொல்ல முடியாதா என்றுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மங்கல் இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. அந்த எரிச்சலில் வேகமாகத் திரும்பினேன், ஜன்னல் கொக்கியில் சட்டைக் கை மாட்டியது, பாதிக்கு மேல் தரையில்.

அப்போதே மாடிக்கு வந்து கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ அழுதிருப்பாய். பெரியப்பா ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டிருப்பார். என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள், கிண்ணத்தோடு ஜன்னலில் உனக்கென்ன வேலை என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். கைத்துணியால் தரையைத் துடைத்தேன். பிறகு அலமாரிக்குக் கீழே இருந்த வண்டல் ஜாடியை எடுத்தேன். தூளைக் கழுவும்போது நாம் வடித்து ஊற்றுகிற கலங்கல் தண்ணீரை வீணாக்காமல் அந்தந்த நிறத்துக்கு ஒரு ஜாடியில் சேர்ப்போமே, தகட்டின் முதுகில் பூச, யார் கண்ணிலும் படாத இடத்தில் பூச வைத்திருப்போமே, அந்தக் கசடு. ஈரமாக இருக்கும்போது நல்ல தூளும் அதுவும் ஒரே நீலம்தான், பத்து வருஷம் பழகிய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நாலைந்து கரண்டி எடுத்து உன் கிண்ணத்தில் கலந்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீ வைத்த இடத்திலேயே வைத்தேன். முதுகுக்குப் போக வேண்டியதை உன் வானத்தின் முகத்தில் பூச வைத்தேன். நீ படியிறங்கி வந்தபோது நான் என் மேசையில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கும் தட்டில் ஏதோ கொண்டுவந்திருந்தாய், நான் மேலே வராமல் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று. அதைத் தின்றேன்.

உலையிலிருந்து தகடு வெளியே வந்த நேரம் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன், நான் எதையும் விட்டுவிடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். சிவக்கச் சிவக்க வரும்போது எந்த நிறமும் தெரியாது. உலைக்காரர், நீ ‘ஆறட்டும்’ என்று பேர் வைத்தாயே, அவர் வழக்கம்போல ஆறட்டும் ஆறட்டும் என்று எல்லாரையும் தள்ளி நிற்க வைத்தார். சிவப்பு போய்க் கறுப்பாகி, கறுப்பிலிருந்து நீலம் எழும்ப வேண்டிய நேரத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று எழும்பியது. வெள்ளித்தாள் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அது கலங்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவு கலங்கும் என்று தெரியாது, கொஞ்சம் மங்கும், நீ ஒருத்திதான் கவனிப்பாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். யாரோ கழுவினது போதலையோ என்று மெதுவாகச் சொன்னார்கள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் நான் சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். வாயைத் திறந்தேன். “கழுவத் தெரியாத கை. மூணு நாளா என்னதான் பண்ணிட்டிருந்தே?” “பதினாலு தடவை கழுவினேன்ப்பா” என்றாய். “பதினாலு தடவையும் தூங்கிட்டே கழுவியிருப்பே” என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார், பாவம், நகைச்சுவைக்குச் சிரித்தார். நீ உன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாய். பிறகு அந்தக் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். நடுத்தகட்டைப் பெரியப்பா வேறு செம்பில் சாதாரண நீலத்தால் செய்து ஒப்படைத்தார், நீ அதன் பக்கமே வரவில்லை, ஆறு மாசத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சி என்று போனாய், அங்கிருந்து ஊர் கடந்து நாடு கடந்து போனாய். கேட்டவர்களிடம் எல்லாம் என் மகள் விஞ்ஞானத்துக்கு வந்துவிட்டாள், என் வழிக்கு வந்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். தண்ணீரில் மங்கல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை உனக்கு என்று அம்மா சொன்ன அன்று மட்டும் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

பெரியப்பா மேல் எனக்கு இருந்த பெரிய மனத்தாங்கலும் உனக்குத் தெரியும். அந்தத் தகடு போன மறு வாரமே என்னை நிற மேசையிலிருந்து எழுப்பி, செம்பு வெட்டவும் அமிலத் தொட்டியில் தகடு கழுவவும் அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. படித்தவன் மேல் படிக்காதவனுக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் என்று நான் ஊரெல்லாம் சொல்லி, உன் அம்மாவிடம் தினம் சொல்லி, அவர் வீட்டுப் படி மிதிப்பதையும் நிறுத்தினேன், பட்டறைக்குக் கூலிக்கு மட்டும் போய்வந்தேன். போன செவ்வாய் நானே அவரிடம் பேசப் போனேன். உனக்கு அனுப்பக் கொஞ்சம் நீலம் வேண்டும், அதுவும் அதே நீலம், கேட்க வேறு ஆள் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டார், நூலகத்துக்காரி கேட்டதையும் நீ மறுத்ததையும் சொன்னேன், நீ சொன்ன காரணத்தையும் சொன்னேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு சாயங்காலம் பட்டறையைக் கூட்டினது நான்தான்டா. ஜன்னலுக்குக் கீழே கல் இடுக்கு முழுக்க நீலம். வண்டல் ஜாடி நாலு விரல் இறங்கியிருந்துச்சு.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ சொல்லுவேன்னு இருந்தேன். பெத்தவன் சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்றது. அப்புறம் புள்ள கிளம்பிப் போயிருச்சு” என்றார். அதற்குத்தான் என்னை மேசையிலிருந்து எழுப்பினீர்களா என்றேன். “பின்னே, நீ படிச்சது புடிக்காமலா?” என்றார். ஆறு வருஷம் நான் வளர்த்த வழக்கு அந்த ஒரு கேள்வியில் தள்ளுபடியாகிவிட்டது. அவர் வாய் மூடியிருந்தது சரியா என்று எனக்கு ஒரு கோபம் இருக்கத்தான் செய்கிறது, அதை இங்கே விரிவாக எழுதமாட்டேன். எழுதினால் பாதிப் பாரத்தை அவர் தலையில் இறக்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது பெரியப்பாவுக்கும் தெரியாது. இரண்டு நாளாக இந்த இடம் வரை எழுதி எழுதி நிறுத்தினேன். தகடு கலங்கி வந்த அன்று நீ மாதிரித் தகட்டைத் தேடினாய், நினைவிருக்கிறதா. முதல் நாள் அதே கிண்ணத்து நீலத்தில் ஒரு துளி எடுத்து, தீப்பெட்டி அளவு செம்பில் வெள்ளித்தாள் ஒட்டிப் பூசி, உலையில் காட்டி, முதுகில் உன் கையெழுத்தில் எண் கீறி வைத்திருந்தாய். அந்தத் தகடு கிடைத்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், நேற்றுத் தெளிவாக இருந்த நீலம் இன்று தானாகக் கலங்காது, நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று. நீ மேசையடியில், குப்பைக் கூடையில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் குனிந்து தேடினாய், அப்பா நீங்க பார்த்தீங்களா என்று என்னையும் கேட்டாய், நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு உன்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. கிண்ணத்தை நிரப்பிய கையோடு அதையும் எடுத்திருந்தேன். கொட்டியது தவறுதல், கலந்தது பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், இதற்கு எனக்கு இன்றுவரை ஒரு பேர் கிடைக்கவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. என் பட்டச் சான்றிதழ் இருக்கிற தகரப் பெட்டியில் அடியில் போட்டுவைத்தேன். ஆறு வருஷமும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை, இந்த வாரம்தான் திறந்தேன். தூசுகூடப் படியவில்லை. பஞ்சில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். எண் பன்னிரண்டு, உன் கீறல்தான். கழுவத் தெரியாத கை செய்ததா என்று நீயே சொல்.

பெரியப்பா கட்டி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார், அன்றைக்கு மூன்று வாரம் கழித்து வந்த சரக்கின் மிச்சம், பாக்கு அளவு. நிற மேசையில் உட்கார்ந்து கழுவிக்கொள், இன்று ஒரு நாள் என்றார். அரைத்து, தண்ணீர் விட்டு, கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் கலங்கலை வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு, எண்ணிக்கொண்டே கழுவினேன். ‘ஆறட்டும்’ என் பின்னால் வந்து நின்று, “ஐயா இன்னைக்கு மேசைக்கு வந்துட்டாரு, மழை வரும்” என்றார். ஒன்பதாவது தடவையே தண்ணீர் தெளிந்துவிட்டது. அதற்கு மேல் கழுவ ஒன்றுமில்லை. ஆனாலும் நீ பதினான்கு என்று சொன்னாயே என்று மீதி ஐந்தையும் கழுவினேன், கழுவும்போதுதான் யோசித்தேன், தெளிந்த பிறகும் இந்த ஐந்து தடவை இந்தப் பெண் யாருக்காகக் கழுவினாள் என்று. தூளுக்காக இல்லை. அடுத்த மேசையில் ஒருவன் குறை கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்தான், அவனுக்காக. கைகழுவி எழுந்து வந்துவிட்டேன். ‘ஆறட்டும்’ கேட்டார், என்னய்யா கண்ணு கலங்கியிருக்கு, அமிலப் புகையா என்று. அவரிடமும் அப்போதே சொல்லிவிட்டேன், உலைமேடை அருகே, அன்றைக்கு நின்ற மற்ற இரண்டு பேரும் கேட்கும்படி. மூவரும் வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்குச் சிரித்தவர், என்னையும் இதுல சேர்த்துட்டீங்களே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு.

நூலகத்துக்காரியிடம் சரி என்று சொல். எனக்காக இல்லை, எனக்கு எதுவும் செய்ய நீ கடன்படவில்லை. மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது, கொடுத்துவிட்டு உள்ளே எரிந்துகொண்டிருப்பாய். மெதுவாகக் கோபப்படு, வேண்டிய மட்டும் படு. ஆனால் அந்தக் கோபத்தில் நாற்பது தகடுகளையும் சேர்க்காதே. அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று நீ ஒருமுறை அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அதனால் கடைசி இரண்டு தடவை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் கழுவு, உன் பரிசோதனைக்கூடத்தில் அதற்கா பஞ்சம். கல்லூரி உலை புதிதாக இருந்தால் அது காட்டுகிற சூட்டை நம்பாதே, சின்னத் தகடு நாலைந்து போட்டுப் பழகிக்கொள். முதுகுப் பூச்சைக் கஞ்சத்தனம் பண்ணாமல் போடு, இல்லாவிட்டால் ஆறும்போது முகம் வெடிக்கும். ஒன்பது தடவைக்கு மேல் கழுவாதே. யாராவது பக்கத்தில் நின்று குறை பார்த்தால் எழுப்பி அனுப்பிவிடு, யாராக இருந்தாலும்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள், நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அவ கை அவ்வளவுதான்னு நானும் நம்பிட்டேனே. பெத்த பொண்ணு கையை” என்றாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பிறகு, அங்கே கடிதம் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். பன்னிரண்டு, பதினைந்து என்றேன். “மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு” என்றாள். மகளே, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? முதல் தாளை எடுத்தபோதே தெரியும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்க வேண்டும், அது உன் கைக்கு வரும்போது நாள் கடந்தும் இருக்க வேண்டும் என்று உள்ளே ஒருவன் இன்னமும் ஜன்னல் பக்கம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். அதனால் நாளைக் காலை, உனக்கு விடுமுறை, நீ எழுந்து காபி போட்டு உட்காரும் நேரத்துக்கு அம்மா போன் செய்வாள். இந்த முறை போன் முதலில் என் கையில் இருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன்.

அப்படியானால் இந்தக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாயால் சொல்லும்போது நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், கைதவறிக் கொட்டிவிட்டேன் என்று தொடங்குவேன், சட்டைப் பை விஷயத்துக்கு வரும்போது குரல் தேயும், பெரியப்பாவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இடையில் நுழைப்பேன். கொஞ்சம் கலந்துவிடுவேன். இந்தத் தாள்கள் பன்னிரண்டு பதினைந்து நாள் கழித்து வந்து சேரும்போது, போனில் நான் சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எது தெளிவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள். மாதிரித் தகடு இம்முறை உன் கையில் இருக்கட்டும்.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், எடுத்த வேலை உன் மனம்போல் தெளிந்து வர வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். குளிரில் காதைப் போர்த்திக்கொள். நீலத் தூள் பொட்டலம் தனியாக வரும், இரண்டு உறை போட்டிருக்கிறேன், மேசைமேல் விரிப்பைப் போட்டுவிட்டுப் பிரி.

இப்படிக்கு,
உன் கையைப் பழித்த
அப்பா